மருத்துவமனை ஆய்வுக்கூடத் தர உறுதி: பினாங்குச் சூழலில் ஒரு வரலாற்று நோக்கு

ஜார்ஜ் டவுனில் 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பொது மருத்துவமனை, இன்று பினாங்கு மருத்துவமனை என்னும் பெயரில் இயங்கி வருகிறது. இத்தகைய மருத்துவமனை எதிலும் நோயாளிகளின் கண்ணுக்குப் புலப்படாத பகுதி அதன் ஆய்வுக்கூடமே. நோயாளியின் குருதி கருவிக்குள் செல்வதற்கு முன், விடை முன்பே தெரிந்த மாதிரி ஒன்று நாள்தோறும் உள்ளே செலுத்தப்படுகிறது. அம்மாதிரிக்குக் கருவி சரியான விடை கூறினால்தான் அதன் பின்னர் வரும் விடைகள் நம்பப்படும். இப்பணியையும் இதனோடு தொடர்புடைய பிற காவல்களையும் ஒருங்கிணைப்பவரே தர உறுதி ஒருங்கிணைப்பாளர். அவருடைய பணி எவ்வாறு உருப்பெற்றது என்பதையும், அதில் தமிழர்க்குரிய சிக்கல் யாது என்பதையும் இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். தமிழியல் இதழில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். அதற்கான விடை கட்டுரையின் பிற்பகுதியில் புலனாகும்.

அளவைக்குச் சான்று

அளப்பவன் தன் அளவுகோலுக்குத் தானே சான்றாக இருத்தல் இயலாது என்பதைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொற்கலங்கள் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதாகக் குறிக்கின்றன. மணிகளுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் வேறொரு நிறைகல் இருந்தது. எடை இவ்வளவு என்று மட்டும் பொறித்திருக்கலாம். எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்துப் பொறித்தமைதான் நம் கவனத்திற்குரியது. பின்னாளில் ஐயுறுபவர் அதே கல்லால் மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம் அன்றோ? இன்றைய ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கருவியின் அளவீடும் எந்தப் பொது நியமத்தோடு ஒப்பிடப்பட்டது என்று எழுதிவைக்கும் வழக்கமும் இதே தேவையிலிருந்து பிறந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என நாம் கூறவில்லை. தேவை ஒன்று என்பதே நம் கருத்து.

தொழிற்சாலையிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

தற்காலத் தரக் கட்டுப்பாடு மருத்துவத்தில் தோன்றியதன்று. 1924ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட், தொழிற்சாலைப் பொருள்களில் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் பழுதால் விளைந்த மாற்றத்தையும் பிரித்தறியக் கட்டுப்பாட்டு வரைபடம் ஒன்றை வகுத்தார். மருத்துவ ஆய்வுக்கூடங்கள் அப்போது தம் விடைகள் சரியானவை என்ற நம்பிக்கையிலேயே இருந்தன. அந்நம்பிக்கையை அசைத்தது 1947இல் பெல்க், சண்டர்மன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. ஒரே மாதிரியைப் பென்சில்வேனியாப் பகுதியின் பல மருத்துவமனை ஆய்வுக்கூடங்களுக்கு அவர்கள் அனுப்பினர்; வந்த விடைகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன. மூன்றாண்டுகள் கழித்து, 1950இல், லீவியும் ஜென்னிங்சும் ஷூஹார்ட்டின் வரைபடத்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தனர்.

வரைபடம் எளியது. நடுவே சராசரியைக் குறிக்கும் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். நாள்தோறும் கிடைக்கும் கட்டுப்பாட்டு மாதிரியின் விடை ஒரு புள்ளி. ஆனால் இருமடங்குத் திட்ட விலக்கத்தை எல்லையாகக் கொண்டால், பழுது ஏதுமின்றியே ஏறத்தாழ இருபது புள்ளிகளில் ஒன்று எல்லையைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் பணியை நிறுத்தினால் ஆய்வுக்கூடம் நடவாது. நிறுத்தாவிட்டால் உண்மைப் பழுது நழுவிப்போகும். இந்தத் தடுமாற்றத்திற்கு வெஸ்ட்கார்டும் அவருடைய குழுவினரும் 1981இல் பல விதிகளை இணைத்துத் தீர்வு கண்டனர். தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தால், எல்லைக்குள் இருப்பினும், கருவி மெல்ல வழிவிலகுகிறது என்று கொள்வது அவ்விதிகளுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. நாள்தோறும் தவறாமல் பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம் மாறாத நடையுடையது. ஆயினும் காட்டும் நேரம் பிழை. இவ்விரு பண்புகளையும் அன்றாடத் தமிழில் 'துல்லியம்' என்னும் ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியல் நூல்கள் உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பதைத் 'துல்லியத்தன்மை' என்றும், அளவீடுகள் தமக்குள் ஒத்திருப்பதை 'நுட்பம்' என்றும் பிரிக்கின்றன. 'நுட்பம்' பொருத்தமான தேர்வா என்பதில் நமக்கு ஐயம் உண்டு, பிரித்தது நன்று. கடிகாரத்தின் நடையை உள்ளகக் கட்டுப்பாடு காட்டும். அது காட்டும் நேரம் சரியா என்பதை அறிய மற்றவர் கடிகாரத்தையும் பார்த்தாக வேண்டும்.

அதற்கென எழுந்தவையே புறத் தர மதிப்பீட்டுத் திட்டங்கள். பிரிட்டனின் தேசியத் திட்டம் 1969இல் தொடங்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்தியாவெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பி ஒப்பிடும் திட்டத்தை நடத்திவருகிறது. மலேசிய ஆய்வுக்கூடங்கள் பல ஆஸ்திரேலியத் திட்டத்தில் பங்கேற்பவை. விடை தெரியாத மாதிரி வந்து சேரும். அதனை நோயாளியின் மாதிரியைப் போலவே, ஒரே முறை, வழக்கமான பணியாளரைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். இருமுறை செய்து நல்ல விடையை அனுப்பலாமே என்னும் சபலம் எங்கும் எழக்கூடியது. அதற்கு இடங்கொடாமல் காப்பது ஒருங்கிணைப்பாளர் பணியின் கடினமான பகுதி என நாம் கருதுகிறோம். கருவியைத் திருத்துவதற்குக் கையேடு உண்டு. சக ஊழியரின் தன்மானத்தைக் கையாள்வதற்குக் கையேடு இல்லை.

மலேசியச் சுகாதார அமைச்சு 1985இல் தர உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 நியமம் 2003இல் வெளிவந்தது. அதன் நான்காம் பதிப்பு 2022ஆம் ஆண்டினது. மலேசிய நாடாளுமன்றம் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடச் சட்டத்தை 2007இல் இயற்றியது.

பெயர் என்னும் சிக்கல்

கருவியின் பிழை இவ்வாறு கட்டுக்குள் வந்தபின் எஞ்சியது எது? இத்தாலியின் பதுவா நகர மருத்துவமனையில் பிளெபானியும் கராரோவும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. 40,490 சோதனைகளில் கண்டறியப்பட்ட 189 பிழைகளுள் 68.2 விழுக்காடு, மாதிரி கருவியைச் சென்றடைவதற்கு முன்பே நேர்ந்தவை. கருவிக்கட்டப் பிழை 13.3 விழுக்காடே. தாமதம் ஒரு காரணம்: பிரிக்கப்படாத குருதியில் சர்க்கரை அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். குழாய் மாறுதல், பெயர் மாறுதல் ஆகியவையும் இக்கட்டத்திற்குரியவை.

தமிழர் வரலாறு இவ்விடத்தில்தான் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தொழிலாளர்கள் ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தைக் கடந்தே வெல்லெஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற இடங்களுக்கும் சென்றனர். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டபோதும் பதிவேடுகள் தொடர்ந்தன. அப்பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள் எழுதுபவரின் செவிக்கு எட்டியவாறு உரோமன் எழுத்தில் ஏறின. ஒரே 'முனியாண்டி' பல எழுத்துக்கூட்டல்களைப் பெற்றார். குடும்பப் பெயர் இல்லாத தமிழ் மரபுக்கு, 'மகன்', 'மகள்' எனப் பொருள்படும் மலாய்த் தொடர்களும் தந்தை பெயரும் ஒட்டாக அமைந்தன. அவ்வெழுத்துக்கூட்டல்கள் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் நிலைபெற்று இன்று சோதனைக் குழாயின் ஒட்டுத்தாள்வரை வந்துள்ளன. வீட்டில் 'ராணி', அடையாள அட்டையில் 'லெட்சுமி'. நம் குடும்பங்களில் இது புதுமையன்று.

இதன் விளைவு சிறிதன்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். பெரிய இனக்குழுக்களுள் இந்தியரிடையே அவ்விகிதம் மிகுதி. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்குப் பொது நியமம் காண அமெரிக்காவில் 1996இல் திட்டம் தொடங்கப்பெறும்வரை, ஒரே குருதிக்கு வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு எண்களைத் தந்தன. அந்த வேறுபாடு இன்று பெரிதும் ஒடுங்கிவிட்டது. ஆயினும் குழாய் வேறொரு லெட்சுமியுடையதாயின், மிகச்சரியான எண்ணே தவறான மருந்தளவுக்கு வழிகாட்டும்.

ஆகையால் நோயாளியை உறுதிசெய்ய இரு அடையாளங்களேனும் வேண்டும் என்பது நெறி. மலேசியாவில் பன்னிரண்டு இலக்க அடையாள எண் பெயரோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. வினவும் முறையும் அந்நெறியுள் அடங்கும். "நீங்கள்தானே லெட்சுமி?" என்று கேட்டால், காது மந்தமான மூதாட்டி மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார், மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் அவ்வாய்ப்பு இன்னும் கூடும். பெயரை அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். குருதி எடுக்கும் மேசைக்கருகே, அடையாள அட்டையில் உள்ள பெயரைக் கேட்கும் ஒரு தமிழ் வாக்கியத்தை மலாய் எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம் என்பது நம் பரிந்துரை: "அம்மா, உங்கள் ஐ.சி.யில் உள்ள பெயரைச் சொல்லுங்கள்." அவ்வாக்கியத்தைச் செம்மையாக எழுதித் தருவதும், தமிழறியாத தாதியர்க்கு ஒலிக்கப் பழக்குவதும் தமிழாசிரியர்களால் ஆகக்கூடிய பணிகளே.