கோலாப்பூர்ப் பொசைடனும் பெயர் தொலைத்த தெய்வங்களும்

மகாராட்டிரத்தின் கோலாப்பூரில், பஞ்சகங்கை ஆற்றங்கரையிலுள்ள பிரம்மபுரி மேட்டில், 1940களின் நடுப்பகுதியில் வெண்கலப் பொருள்களின் குவியல் ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 13 செ.மீ. உயரமுள்ள ஆண் உருவம் ஒன்றும் அதில் இருந்தது. தாடியும் ஆடையற்ற திண்ணிய உடலும் கொண்ட அதனை ஆய்வாளர்கள் கிரேக்கக் கடல்தெய்வமான பொசைடன் என இனங்கண்டனர். கையில் இருந்திருக்க வேண்டிய சூலம் இன்று இல்லை. 1945–46இல் சங்காலியாவும் தீட்சித்தும் அம்மேட்டை அகழ்ந்து, சாதவாகனர் கால நகரொன்றை வெளிக்கொணர்ந்தனர். சிலை கோலாப்பூர் டவுன் ஹால் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியாவில் கிரேக்கத் தெய்வ வழிபாடு இருந்ததற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். அம்முடிவு அவசரமானது. மத்தியதரைக் கடற்பகுதியின் கண்ணாடிகளும் குடுவைகளும், இந்தியக் கைவினையில் உருவான, யானைமீது வீரர்கள் அமர்ந்த வெண்கலமும் அதே குவியலில் கலந்து கிடந்தன. கோயிலொன்றின் உடைமையைவிட, வணிகர் அல்லது கன்னார் ஒருவரின் சரக்கையே இக்கலவை நினைவூட்டுகிறது. பரிகசாவிலும் முசிறியிலும் இறக்குமதியான பொருள்களுள் செம்பையும் வெள்ளீயத்தையும் பெரிப்புளூஸ் குறிக்கிறது. வெண்கலத்துக்கு வேண்டிய உலோகங்கள் இவை இரண்டுமே. கடல்தெய்வம் கலைப்பொருளாக வந்ததா, உலைக்குக் காத்திருந்த உலோகமாக வந்ததா? உருக்கப்படாததால் இந்த ஒன்று நமக்கு எஞ்சியது. உருக்கப்பட்டவை எத்தனை என எவரும் எண்ண முடியாது.

தமிழ்ச் சான்று இவ்விடத்தில் கைகொடுக்கும். பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஒன்று கையில் அகல் ஏந்தி நின்றதை நெடுநல்வாடை சொல்கிறது. அப்பாவை எந்தத் தெய்வத்தின் வடிவம், அல்லது தெய்வமே அல்லாத வெறும் பெண்ணுருவா, என்பதைப் புலவர் சொல்லவில்லை. அவர் கண்டது வேலைப்பாட்டையும் அகலில் நிறைந்த நெய்யையும்தான். ‘பாவை’ என்ற ஒரே சொல்லுக்குள் பொம்மை, படிமம், இளம்பெண் மூன்றும் அடங்கும். செய்தவரின் இனப்பெயர் மட்டும் தமிழில் தங்கியது; அதுவும் அயோனியாவின் பெயராகத் தொடங்கி, பாரசீகத்திலும் பிராகிருதத்திலும் தேய்ந்து திரிந்த வடிவம்.

பொசைடன் என்ற பெயரோ, கோலாப்பூர்ச் சிலைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மைசீனியக் களிமண் பலகைகளிலேயே ‘பொ-செ-தா-ஒ’ எனப் பதிவாகியுள்ளது. அத்தனை நெடிய வாழ்வுடைய பெயர், சிலையோடு தக்காணம் வரை வந்தும் இங்குள்ள எம்மொழியிலும் வேர்விடவில்லை.

எதிர்த்திசையில் சென்ற பெயர் ஒன்று பிழைத்தது. கோலாப்பூர்ப் பகுதிக் காசுகளில் விளிவாயகுர என்னும் மன்னன் பெயர் காணப்படுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, இப்போகௌராவில் ஆண்டவனாகக் குறிக்கும் பலியோகௌரோஸ் அவனே எனப் பல அறிஞர்கள் கொள்கின்றனர். அலெக்சாந்திரியாவில் அமர்ந்து எழுதிய அவர் இந்த ஒலியை எந்த மாலுமியின் வாய்மொழியாகக் கேட்டாரோ, முதலசையின் வகரம் அங்கே பகரமாகிவிட்டது.