புத்தகம் படித்த குற்றம்: அலெக்சாண்ட்ரியா நூலகம், 1939

எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஊர்த்தெருவுக்கு நடுவில் இருந்தது. யாரோ ஒருவர் வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். நான் ஏழாவது படிக்கும்போது சேரியிலிருந்து போய் வாசலில் நின்றால், "அங்கியே நில்லுடா, என்னா வேணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பேப்பர் கேட்டால் முந்தாநாள் பேப்பர் வரும். கையில் தரமாட்டார்கள், திண்ணை ஓரத்தில் வைப்பார்கள். எங்களுக்குத் தடை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1948லேயே பொது நூலகச் சட்டம் வந்தாயிற்று. அந்தப் 'பொது'வுக்குள் நாங்கள் உண்டா இல்லையா என்பதைத் திண்ணைதான் முடிவு செய்தது.

இதை இப்போது கிளறக் காரணம் அலெக்சாண்ட்ரியா. எகிப்தில் எரிந்ததாகச் சொல்கிறார்களே, அந்த நூலகம் இல்லை. அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்கே குயின் தெருவில் 1937ல் ஒரு பொது நூலகம் திறந்தார்கள். பணக்கார மகன் ஒருவர் தன் தாயின் நினைவாகக் கட்டிடத்துக்குப் பணம் கொடுத்தார். நிலம் குவேக்கர்களுடையது, அவர்களுடைய பழைய இடுகாடு. அடிமை முறையை எதிர்த்துப் பேர்பெற்ற சபை அது. செலவுக்கு நகரத்தின் வரிப்பணம். அந்த வரியைக் கறுப்பின மக்களும் கட்டினார்கள். உள்ளே போகத்தான் முடியாது.

சாமுவேல் வில்பர்ட் டக்கர் என்ற இளம் வழக்கறிஞரின் வீட்டிலிருந்து அந்த நூலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. 1913ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். கறுப்புப் பிள்ளைகளுக்கு ஊரில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஆற்றைத் தாண்டி வாஷிங்டனுக்குப் போய்த்தான் படித்தார். 1927ல், 14 வயதில், டிராம் வண்டியில் வெள்ளைக்காரிக்கு இடம் விட மறுத்ததற்காக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அதே 1927ல்தான் மார்ச் 20ந் தேதி பாபாசாகேப் மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சம்பவங்கள். முடிச்சுப் போட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் எங்களுக்கு ஏன் பங்கில்லை?

1939 மார்ச்சில் டக்கர், ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜண்ட் ஜார்ஜ் வில்சனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். வில்சனுக்கு உறுப்பினர் அட்டை கேட்டார். கொடுக்க மறுத்தார்கள். வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அதற்கிடையில் ஊரிலிருந்த இளைஞர்கள் சிலரைச் சேர்த்துப் பழக்கினார். எப்படி உடுத்த வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கோபம் வந்தால் எப்படி அடக்க வேண்டும் என்றெல்லாம்.

ஆகஸ்ட் 21. வில்லியம் எவன்ஸ், ஓட்டோ டக்கர், எட்வர்ட் காடிஸ், மோரிஸ் மர்ரே, கிளாரன்ஸ் ஸ்ட்ரேஞ்ச் என்று ஐந்து பேர். 18லிருந்து 22 வயதுக்குள். ஓட்டோ, டக்கரின் சொந்தத் தம்பி. சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் சண்டை போடவில்லை. அலமாரியிலிருந்து ஆளுக்கொரு புத்தகம் எடுத்து, தனித்தனி மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். தனித்தனி மேசை என்பது யோசித்துச் செய்தது. கூடிப் பேசிக் குழப்பம் செய்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. கிளாரன்ஸின் தம்பி, 14 வயதுப் பையன் ராபர்ட், உள்ளே நடப்பதைப் பார்த்துப் பார்த்து டக்கரின் அலுவலகத்துக்கு ஓடிச் சேதி சொன்னான். எனக்கு அந்த ஐவரைவிட இவன்மேல்தான் பிரியம். நம்ம ஊர்ப் போராட்டங்களிலும் இப்படி ஒரு பொடியன் ஓடிக்கொண்டே இருப்பான், அவன் பேர் எந்த அறிக்கையிலும் வராது.

போலீஸ் வந்தது. போகச் சொன்னது. போகவில்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று அமைதியாகக் கேட்டார்கள். கைது என்றார்கள். வெளியே வரும்போது நூற்றுக்கணக்கில் கூட்டம், படம் பிடிப்பவர்களையும் டக்கர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். நல்ல சட்டை போட்ட ஐந்து இளைஞர்களைப் போலீஸ் நடத்திக் கூட்டிப் போகும் அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. குற்றச்சாட்டு: ஒழுங்கீனமான நடத்தை. நீதிமன்றத்தில் டக்கர் போலீஸ்காரர்களையே கேட்டார். சத்தம் போட்டார்களா? இல்லை. வெள்ளையராக இருந்தால் கைது செய்திருப்பீர்களா? அதற்கும் இல்லை என்ற பதில்தான். நீதிபதி தீர்ப்புச் சொல்லாமல் தள்ளி வைத்தார். வைத்தது வைத்ததுதான். கொஞ்ச நாளில் ஐரோப்பாவில் உலகப் போர் தொடங்கிவிட்டது, பத்திரிகைகளுக்கு வேறு வேலை வந்தது.

வில்சன் வழக்கு 1940 ஜனவரியில் தள்ளுபடி ஆனது. விண்ணப்பம் முறைப்படி தரப்படவில்லையாம். ஆனால் கறுப்பின மக்களுக்கு அட்டை மறுக்கச் சட்டத்தில் காரணம் ஏதுமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே வந்துவிட்டது. நகராட்சி பயந்தது. அவசர அவசரமாகக் கறுப்பின மக்களுக்கென்று தனி நூலகம் ஒன்றைக் கட்டி ஏப்ரலில் திறந்தது. ராபர்ட் ராபின்சன் என்ற கறுப்பினப் போதகரின் பெயர் வைத்தார்கள். சின்னக் கட்டிடம், பழைய நாற்காலி, பெரிய நூலகம் கழித்துக் கட்டிய புத்தகம்.

நமக்குத் தெரியாத கதையா? பொதுக்கிணற்றில் சேரி ஆள் வாளி விட்டுவிடுவான் என்று பயம் வந்தால், மறுவாரமே சேரிக்குத் தனிக்கிணறு வெட்டித் தருவார்கள். "உங்களுக்குத்தான் வெட்டிக் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்பார்கள். டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததும் இந்தக் கணக்குத்தான்.

டக்கர் தான் கேட்ட அட்டை குயின் தெரு நூலகத்துக்கானது, அதற்குப் பதிலாக ராபின்சன் நூலகத்தின் அட்டையை ஒருநாளும் வாங்கமாட்டேன் என்று நூலகருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அவர் நோயில் விழுந்திருந்த சமயத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் தனி நூலகத்துக்குச் சம்மதித்தார்கள் என்பது ஒரு வேதனை. அந்தப் பெரியவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபது வருஷம் எத்தனையோ குழந்தைகள் அந்த நூலகத்தில்தான் எழுத்துக் கூட்டியிருப்பார்கள். எங்க அம்மா தனிக்கிணற்றுத் தண்ணீரில்தான் எனக்குச் சோறு பொங்கினாள். அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று சொல்ல அவளால் ஆகாது. ஆனாலும் வேண்டாம் என்று ஒருவராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ராபின்சன் நூலகக் கட்டிடம் இப்போது கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். டக்கர் 1968ல் உச்சநீதிமன்றத்தில் பள்ளிப் பிரிவினைக்கெதிரான பெரிய வழக்கில் வாதாடி வென்றார், 1990ல் இறந்தார். குயின் தெரு நூலகம் யாரை வெளியே தள்ளியதோ அவர்களின் நினைவைத் தானே கொண்டாடுகிறது. 2019ல் 80ஆவது ஆண்டு நினைவுக்காக நூலக ஊழியர்கள் பழைய நீதிமன்ற ஏடுகளைத் தேடியபோதுதான் அந்த ஐவர்மேல் போட்ட வழக்கு முடியவே இல்லை என்று தெரிந்தது. அந்த அக்டோபரில் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அவர்கள் தங்கள் உரிமையைத்தான் செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்தது. கேட்க ஐவரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

தாமதமான நீதி என்று சிலர் கிண்டல் செய்யலாம். எனக்கு அதில் வேறொன்று பிடித்தது. வழக்கை வெளியே எடுத்தது அந்த நூலகத்தின் ஊழியர்களேதான். தன் வீட்டுக் குப்பையைத் தானே கிளறிய நிறுவனம். வெண்மணியில் 1968 டிசம்பர் 25ல் 44 பேரை எரித்தார்கள். அந்த நாளை நாம் நம் கொடிக்கம்பத்தடியில், நம் மண்டபத்தில்தான் நினைவுகூர்கிறோம். எந்த அரசு நூலகமாவது கதவைத் திறந்து அழைத்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் நாங்களே எழுதிக் கேட்டோம். எங்கள் ஊர் நூலகத்துக்கு இப்போது சொந்தக் கட்டிடம், திண்ணை கிடையாது, சேரிப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். நூலகர் நல்ல மனுஷர். "25 அன்னிக்கு லீவு தோழரே" என்றார். சரி, 24 சாயந்தரம் கொடுங்கள் என்றோம். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. வழக்கம்போல எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தில் கூடினோம். கூரை போட்டு நாங்களே கட்டினது, யாரும் ஒதுக்கித் தந்ததில்லை. நூலகர் வந்திருந்தார், பின்னால் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

விண்ணப்பத்தின் நகல் படிப்பக பீரோவில் இருக்கிறது. தேதியை மட்டும் மாற்றி இந்த வருஷமும் கொடுக்கப் போகிறோம்.