இஜ்திமா, ஜோடு, கஷ்த்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து முஸ்லிம் தெருக்களில் 'இஜ்திமா' என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தப்லீக் ஜமாஅத்தார் திரளாகக் கூடி, பந்தலிலேயே தங்கி, பயான் என்னும் சமயச் சொற்பொழிவு கேட்டு, துஆ என்னும் பிரார்த்தனையோடு கலைந்து போகும் பெருங்கூட்டம் அது. அரபு நாடுகளிலோ இந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் இல்லை. அலுவலகத்தில் மேலாளர் கூட்டுகிற கூட்டமும் அங்கே இஜ்திமாதான்.

'ஒன்றுசேர்' என்று பொருள்படும் அதே வேரில்தான் ஜும்ஆவும் ஜமாஅத்தும் பிறந்தன. இவற்றில் ஜமாஅத்துக்கு வேலை அதிகம். பள்ளிவாசலில் ஒன்றாக நின்று தொழுவது ஜமாஅத். மஹல்லாவை நிர்வகிக்கும் அமைப்பும் ஜமாஅத். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் தப்லீக் குழுவும் ஜமாஅத்தே.

1920களில் மேவாத் பகுதியில் மௌலானா முஹம்மது இல்யாஸ் தொடங்கிய இயக்கம் தப்லீக் ஜமாஅத். 1941 நவம்பரில் நூஹ் நகரில் நடந்த இஜ்திமாவுக்குச் சுமார் 25,000 பேர் வந்ததாகக் குறிப்புகள் உண்டு. வங்கதேசத்தில் துராக் ஆற்றங்கரையிலுள்ள டோங்கியில் கூடுவதற்குப் பெயர் 'பிஷ்வ இஜ்திமா'. 'விசுவம்' என்ற வடசொல்லும் அரபுச் சொல்லும் அங்கே கைகோத்துக்கொண்டன.

இயக்கத்தின் பழைய ஊழியர்கள் மட்டும் கூடினால் அது 'ஜோடு'. உருதுவில் சேர்ப்பு, இணைப்பு என்று பொருள். தமிழுக்கும் இது எப்போதோ வந்து, இரட்டையையும் செருப்பையும் குறித்தது. தோல் பதனிட்டுக் காலணி தைத்து, ஜோடிக் கணக்கில் ஏற்றுமதி செய்யும் ஆம்பூரில் இரண்டு பொருளும் அக்கம்பக்கத்திலேயே புழங்குகின்றன. வீடு வீடாகச் சென்று தொழுகைக்கு அழைப்பது 'கஷ்த்'. பாரசீகத்தில் சுற்றி வருவது என்று பொருள். உருதுவில் போலீஸ் ரோந்துக்கும் இதே சொல்தான்.

தமிழில் 'மாநாடு' என்ற சொல் இல்லாமலில்லை. 2016 ஜனவரியில் திருச்சியில் கூடிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற வேறோர் அமைப்பு 'ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்) ஒழிப்பு மாநாடு' என்றே பெயர் வைத்தது. மாநாடு என்றால் தலைப்பு வேண்டும், தீர்மானம் வேண்டும், சுவரொட்டி வேண்டும். இஜ்திமாவில் தீர்மானம் போடும் வழக்கமில்லை. அங்கே நடப்பது 'தஷ்கீல்', அதாவது உருவாக்குதல். 3 நாளா, 40 நாளா, 4 மாதமா என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொள்வார்கள். 40 நாளுக்கு 'சில்லா' என்று பெயர். பாரசீகத்தில் நாற்பதைக் குறிக்கும் 'சிஹில்' என்பதிலிருந்து வந்தது. பெயர் கொடுத்தவர்களைக் குழுவாகப் பிரித்து, அமீர் என்னும் தலைவர் ஒருவரை நியமித்து, பந்தலிலிருந்தே வழியனுப்பி வைக்கிறார்கள்.