இராமநாதபுரம் கடலோர வீடுகளில் வெப்பத் தணிப்பு முறைகள்

இராமநாதபுரம் கடலோர வீடுகளில் வெப்பத் தணிப்பு முறைகள் என்பன தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலும் இராமேசுவரம் தீவிலும் கோடைக்காலத்தில் குடியிருப்புகளின் வெப்பத்தைக் குறைக்கக் கையாளப்படும் வழிகள் ஆகும். ஓலைக்கூரை, சுண்ணாம்புப் பூச்சு, காற்றோட்ட அமைப்பு ஆகிய மரபு வழிகளும் மின்விசிறி, நீர்க்குளிர்விப்பான் (ஏர்கூலர்), வளிப்பதனி (ஏ.சி.) ஆகிய கருவிகளும் இவற்றுள் அடங்கும். இப்பகுதியின் காற்றில் ஈரப்பதன் மிகுதி. ஆகையால் உள்நாட்டு மாவட்டங்களில் நன்கு பயன்படும் சில கருவிகள் இங்கு எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை.

தட்பவெப்பம்

மாவட்டத்தின் வடகிழக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. இவற்றுக்கு இடையே இராமேசுவரம் தீவு அமைந்துள்ளது. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை நீண்ட வெப்பக்காலம் நிலவுகிறது. கடற்காற்றின் காரணமாக இராமேசுவரம், பாம்பன், கீழக்கரை போன்ற ஊர்களின் பகல் வெப்பநிலை மதுரை, பரமக்குடி ஆகிய உள்நாட்டு ஊர்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆயினும் ஈரப்பதன் மிகுதியால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. இரவிலும் புழுக்கம் நீடிக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, வெப்ப அலையை அறிவிப்பதற்குச் சமவெளிகளில் 40 பாகை செல்சியசையும் கடலோரப் பகுதிகளில் 37 பாகை செல்சியசையும் குறைந்த அளவாகக் கொள்கிறது. தமிழ்நாடு அரசு 2024 ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

மரபு வழிகள்

ஓலைக்கூரை

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆகும். இம்மாவட்டத்தில் பனை மிகுதியாக வளர்வதால் பனையோலை வேய்ந்த வீடுகள் பரவலாக இருந்தன. தென்னங்கீற்றை முடைந்து செய்யும் கிடுகும் பயன்பட்டது. ஓலை அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓலை தன்னுள் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை. எனவே கதிரவன் மறைந்த சிறிது நேரத்தில் வீடு குளிர்ந்துவிடும். 1964 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுசுக்கோடியில், மீனவர் குடிசைகளில் இவ்வகைக் கூரையை இன்றும் காணலாம்.

தீப்பற்றும் இடரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டிய செலவும், புயலைத் தாங்கும் வலுவின்மையும் ஓலைக்கூரையின் குறைகள் ஆகும். 2004 ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் காங்கிரீட்டு வீடுகளாக மாற்றும் அரசுத் திட்டங்களும் 2010 முதல் வெவ்வேறு பெயர்களில் நடைமுறைக்கு வந்தன. இம்மாற்றத்தால் தீ, புயல் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு கூடியது. அதே வேளையில் வீட்டினுள் வெப்பமும் கூடியது.

சுண்ணாம்பும் கல்லும்

வசதி படைத்தோர் தடித்த சுவர்களும் திண்ணையும் முற்றமும் கொண்ட காரை வீடுகளைக் கட்டினர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் உள்ள தமது பூர்வீக வீடு சுண்ணாம்புக்கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது எனத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். தடித்த சுவர் பகல் வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும்.

முற்காலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் கட்டடக் கல்லாகவும், சுண்ணாம்பு நீற்றுவதற்காகவும் வெட்டி எடுக்கப்பட்டன. இதனால் தீவுகளின் கரைகள் அரிக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின. 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001 இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று பவளக்கல்லை எடுப்பது குற்றமாகும். கடைகளில் விற்கும் சுண்ணாம்பு போதுமானது.

கூரை வழியாக வரும் வெப்பம்

ஒற்றை மாடி வீட்டில் வெப்பம் பெரிதும் கூரை வழியாகவே நுழைகிறது. காங்கிரீட்டுத் தளம் பகல் முழுதும் வெப்பத்தை உறிஞ்சி, மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் விடுகிறது. தகரக் கூரையும் கல்நார்த் தகடும் பகலில் விரைவாகச் சூடேறும். இரவில் விரைவாகக் குளிரும். இவ்வேறுபாட்டை அறிந்தே தீர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* வெள்ளைப் பூச்சு: நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டுவதற்குப் பசை சேர்த்து மொட்டைமாடியில் இரண்டு அல்லது மூன்று முறை பூசுவது மிக மலிவான வழி ஆகும். புதிய வெண்பூச்சு ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மழையாலும் தூசியாலும் வெண்மை குறைவதால், ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் பூச வேண்டும்.
* தட்டோடு: செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தின் மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். இது வெப்பத்தையும் மழைநீர்க் கசிவையும் குறைக்கும்.
* நிழல்: மொட்டைமாடியில் சற்று உயர்த்திக் கட்டிய கீற்றுப் பந்தல் தளத்தின் மீது வெயில் படாமல் தடுக்கும். காற்று மிகுந்த கடற்கரையில் பந்தலை உறுதியாகக் கட்டுதல் வேண்டும்.
* கதிரவ மின்தகடுகள்: இவை மின்சாரம் தருவதுடன் தளத்துக்கு நிழலும் தருகின்றன. 2024 இல் தொடங்கிய நடுவண் அரசின் பிரதம மந்திரி சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன.

தெற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வரும் கோடைக் காற்று உள்ளே நுழைய ஒரு சன்னலும், அது வெளியேற எதிர்ச்சுவரில் மற்றொரு சன்னலும் தேவை. ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருந்தால் காற்று ஓடாது.

கருவிகள்

மின்விசிறி

மின்விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. தோலின் மேல் காற்றை ஓட்டி வியர்வை ஆவியாக உதவுகிறது. காற்றின் வெப்பம் 40 பாகைக்கு மேல் சென்றால் விசிறியே உடலைச் சூடாக்கும் என உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. இக்கடற்கரையில் அந்த அளவு அரிது என்பதால் விசிறி இங்கு நல்ல பயன் தருகிறது. 2011 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லாப் பொருட்களுள் மின்விசிறியும் ஒன்றாக இருந்தது.

பழைய வகைக் கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரத்தை எடுக்கும். பி.எல்.டி.சி. வகை விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். கூரை விசிறிகளுக்கு எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீடு 2023 முதல் கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது.

நீர்க்குளிர்விப்பான்

நீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் தத்துவத்தில் இது இயங்குகிறது. 35 பாகை வெப்பமும் 30 விழுக்காடு ஒப்பு ஈரப்பதனும் உள்ள காற்றை, கோட்பாட்டளவில் சுமார் 22 பாகை வரை குளிர்விக்கலாம். அதே வெப்பத்தில் ஈரப்பதன் 70 விழுக்காடாக இருந்தால் சுமார் 30 பாகைக்குக் கீழே செல்ல இயலாது. மேலும் அறையின் ஈரம் கூடிப் புழுக்கம் பெருகும். மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அந்நீரைப் பயன்படுத்தினால் குளிர்விப்பானின் திண்டுகளில் உப்புப் படிந்து விரைவில் கெட்டுவிடும். நல்ல நீரை விலைக்கு வாங்கும் குடும்பங்களுக்கு அது கூடுதல் சுமை. நனைத்த சாக்கைச் சன்னலில் தொங்கவிடும் முறைக்கும் இதே வரம்பு பொருந்தும். ஆகவே பரமக்குடி போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட பகல்களில் பயன்படும் இக்கருவி, கடற்கரையில் வாங்கத் தக்கதன்று.

வளிப்பதனி

வளிப்பதனி வெப்பத்துடன் ஈரத்தையும் நீக்குவதால் கடற்கரைக்கு ஏற்றது. ஆனால் விலையும் மின்செலவும் மிகுதி. உப்புக்காற்று இதன் வெளிப்புறப் பகுதியை அரிப்பதால், அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை வளிப்பதனிகள் 2020 முதல் 24 பாகை அளவில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. அவ்வளவில் வைத்து, விசிறியையும் சேர்த்து ஓட்டினால் செலவு குறையும்.

மின்செலவு ஒப்பீடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 அலகுகள் இலவசம். 60 நாட்களுக்கான தோராயக் கணக்கு வருமாறு:

* பழைய வகைக் கூரை விசிறி (75 வாட், நாளுக்கு 12 மணி): 54 அலகுகள்
* பி.எல்.டி.சி. விசிறி (30 வாட், நாளுக்கு 12 மணி): ஏறத்தாழ 22 அலகுகள்
* நீர்க்குளிர்விப்பான் (150 வாட், நாளுக்கு 8 மணி): 72 அலகுகள்
* வளிப்பதனி (மணிக்கு 1 அலகு எனக் கொண்டு, நாளுக்கு 8 மணி): 480 அலகுகள்

இதன்படி பழைய விசிறிகள் இரண்டே 108 அலகுகளை எடுத்து இலவச வரம்பைத் தாண்டிவிடும். பி.எல்.டி.சி. விசிறிகள் இரண்டும் சேர்ந்து 44 அலகுகளுக்குள் அடங்கும். மொத்தப் பயன்பாடு 500 அலகுகளைத் தாண்டினால், தொடக்கப் படிகளுக்கான கட்டண வீதமும் உயரும். எனவே வளிப்பதனி உள்ள வீட்டில் அந்த வரம்பைக் கவனிப்பது இன்றியமையாதது.

தேர்வு வரிசை

குறைந்த வருவாய்க் குடும்பம் முதலில் கூரைக்கு வெள்ளையடித்து, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துவது நன்று. அடுத்ததாக, மிகுந்த நேரம் ஓடும் விசிறியை மின்சிக்கன வகைக்கு மாற்றலாம். இவற்றுக்குப் பின்னும் புழுக்கம் தாங்க இயலாத நிலையில், முதியோரோ நோயாளிகளோ உறங்கும் ஓர் அறைக்கு மட்டும் வளிப்பதனி பொருத்தலாம். கூரையின் வெப்பத்தைக் குறைக்காமல் வளிப்பதனி வாங்கினால், அவ்வெப்பத்தை வெளியேற்றுவதற்கே மின்சாரத்தின் ஒரு பகுதி செலவாகும்.

உடல்நலம்

கைக்குழந்தைகள், முதியோர், கருவுற்ற பெண்கள், வெயிலில் உழைப்போர் ஆகியோரை வெப்பம் விரைவில் தாக்கும். இரவில் வீடு குளிராவிட்டால் உடல் பகல் வெப்பத்திலிருந்து மீள இயலாது. குழப்பமான பேச்சு, மயக்கம், உடல் மிகச் சூடாதல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அந்நிலையில் பாதிக்கப்பட்டவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடலை நீரால் நனைத்து விசிறியபடி 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். நினைவற்றவருக்கு வாய்வழியே நீர் புகட்டுதல் கூடாது.