ஒன்பது கழகங்களில் ஒரு பந்தெறிவாளர்

வரலாறு என்றவுடன் நம் மாணாக்கர் மனத்தில் எழுவோர் முடிமன்னரும் படைத்தலைவரும் வெற்றிவாகை சூடினோருமே ஆவர். விளையாட்டின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலிடம் பெற்றவன் பெயர் கேடயத்திலே பொறிக்கப்படுகின்றது. அவனோடு ஓடியவர்களின் பெயர்கள் அன்று மாலையே மறக்கப்படுகின்றன. இன்று நான் கூறப்புகுவது, வென்றதைவிடத் தோற்றதே மிகுதியாயிருந்தும், வரலாறு மறத்தலாகாத ஒரு மனிதரின் கதை.

ஆங்கிலத்தில் ‘ஜேர்னிமன்’ என்றொரு சொல் உண்டு. பயணம் செய்பவன் என்று அதற்குப் பொருள் கொள்ளத் தோன்றும், உண்மை அதுவன்று. பிரெஞ்சு மொழியில் ஒரு நாளையும் அந்நாளின் வேலையையும் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. தொழில் பயின்று முடித்து, ஆயினும் சொந்தப் பட்டறை வைக்க இயலாது, பிறர் பட்டறையிலே நாட்கூலிக்கு உழைக்கும் கைவினைஞனையே அது முதலிற் குறித்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பேஸ்போல் விளையாட்டிலே, கழகத்துக்குக் கழகம் மாறி உழைக்கும் ஆட்டக்காரனுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அத்தகையோருள் முதன்மையானவர் லூயிஸ் நோர்மன் நியூசம். உலகம் அவரைப் போபோ நியூசம் என்றே அறியும். சந்தித்தவர் எல்லாரையும் அவர் ‘போபோ’ என்றே விளித்தார். தம்மையும் அப்பெயராலேயே படர்க்கையிற் குறித்துக்கொண்டார்.

நமக்குப் பழக்கமானது கிரிக்கெட் ஆதலின், பேஸ்போலின் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். அதில் பந்தெறிவாளர் ஆறு பந்துகளுடன் ஓய்வதில்லை. ஆட்டத்தைத் தொடங்குபவர் இயன்றவரை அவரே தொடர்ந்து எறிவார். அக்காலத்தில் ஒன்பது இன்னிங்சையும் ஒருவரே எறிந்து முடிப்பது வழமை. அணியின் வெற்றியோ தோல்வியோ ஒரு பந்தெறிவாளரின் பெயரிலேயே பதிவு செய்யப்படும். தோழர் ஓட்டம் எடுக்கத் தவறினும், பந்தைப் பிடிக்கத் தவறினும், அப்பழி பெரும்பாலும் எறிந்தவன் கணக்கிலேயே சேரும். இதனை மனத்திற்கொண்டால்தான் நியூசமின் வாழ்வு விளங்கும்.

தென் கரோலைனா மாநிலத்தின் ஹார்ட்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு அவர் பிறந்தார். 1929இல் புரூக்ளின் கழகத்தில் பெருங்குழாத்து ஆட்டத்தில் முதன்முதல் இறங்கினார். ஆயின் அங்கு நிலைக்கவில்லை. 1932இல் சிக்காகோ கழகத்துக்காக ஒரேயொரு ஆட்டத்திலேயே பங்குபற்றினார். 1933இல் கீழ்நிலைக் குழாத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு 30 வெற்றிகளை ஈட்டிக்கொடுத்த பின்னரே, 1934இல் சென் லூயிஸ் பிரவுண்ஸ் கழகம் அவருக்கு நிலையான இடம் அளித்தது. அவ்வாண்டிலே பொஸ்டன் அணிக்கெதிராக ஒன்பது இன்னிங்ஸ் வரை எவரையும் அடித்துத் தளஞ்சேர விடாது எறிந்தார். பத்தாவது இன்னிங்சில் 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றார். அந்த ஆண்டு முடிவில் அவர் பெயரில் 16 வெற்றிகளும் 20 தோல்விகளும் இருந்தன.

அவருடைய மன உறுதிக்கு 1936ஆம் ஆண்டின் தொடக்க ஆட்டம் சான்றாகும். வாஷிங்டனில், சனாதிபதி ரூஸ்வெல்ற் முன்னிலையில், நியூயோர்க் யாங்கீஸ் அணியை எதிர்த்து அவர் எறிந்துகொண்டிருந்தார். அவருடைய சொந்த அணித் தோழர் ஒஸி புளூஜ் வீசிய பந்து அவர் முகத்தைத் தாக்கித் தாடையை முறித்தது. நியூசம் களத்தைவிட்டு அகன்றாரல்லர். இறுதிவரை எறிந்து 1க்கு 0 என்று வென்ற பின்னரே ஓய்ந்தார்.

1938இல் மீண்டும் சென் லூயிஸ் கழகம். அவ்வணி அவ்வாண்டில் வென்றவை 55 ஆட்டங்கள், தோற்றவை 97. அந்த 55 வெற்றிகளுள் 20 நியூசமுக்குரியவை. தொடங்கிய ஆட்டங்களுள் 31ஐ அவரே எறிந்து முடித்தார். நலிந்த அணியின் பாரத்தைத் தன் தோளிலே சுமந்த உழைப்பாளி என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

1939இல் டெட்ரோயிட் கழகம் அவரைப் பெற்றது. 1940இல் 21 ஆட்டங்களை வென்று ஐந்தில் மட்டுமே தோற்று, அக்கழகத்தை உலகத் தொடருக்கு இட்டுச்செல்லுவதில் பெரும்பங்கு கொண்டார். எதிரணி சின்சினாற்றி. ஒக்டோபர் 2ஆம் நாள் முதல் ஆட்டத்தில் 7க்கு 2 என்று வென்றார். மகனின் வெற்றியைக் கண்ணாரக் காண வந்திருந்த தந்தையார், மறுநாட் காலையில் சின்சினாற்றி ஹோட்டலிலேயே மாரடைப்பால் காலமானார். ஒக்டோபர் 6ஆம் நாள், ஐந்தாம் ஆட்டத்தில், தந்தையின் நினைவோடு களமிறங்கிய நியூசம், மூன்றே அடிகளைக் கொடுத்து ஓர் ஓட்டமும் விட்டுக்கொடாது 8க்கு 0 என்று வென்றார்.

தொடர் ஏழாம் ஆட்டத்துக்கு வந்தது. இடையிலே ஒரே நாள் ஓய்வு. அன்றும் பந்து அவர் கையிலேதான் கொடுக்கப்பட்டது. இதையும் தந்தைக்காகவோ வெல்லப் போகிறீர் என்று கேட்டவர்க்கு, இதனைப் போபோவுக்காக வெல்வேன் என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார் என்பர். ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும்வரை டெட்ரோயிட் 1க்கு 0 என்று முன்னணியில் நின்றது. அந்த இன்னிங்சில் மக்கோர்மிக் ஓடிவந்துகொண்டிருக்க, பந்தைக் கையிற் பெற்ற டிக் பார்ற்றெல் அதனை உடன் எறியாது தாமதித்தார். சமநிலை ஓட்டம் கிடைத்தது. பின்னர் வெற்றி ஓட்டமும் சென்றது. 2க்கு 1. தோல்வி யார் பெயரில் எழுதப்பட்டது? ஆறு நாட்களுக்கு முன் தந்தையைப் பார்த்துப் பெருமிதத்தோடு நின்ற அந்த மகனின் பெயரிலேயே எழுதப்பட்டது.

அடுத்த ஆண்டில் 12 வெற்றிகளும் 20 தோல்விகளும். கழகம் அவர் ஊதியத்தைப் பெரிதுங் குறைக்க முற்பட்டது. அவர் இசையாதொழியவே 1942இல் வாஷிங்டனுக்கு விற்றது. வாஷிங்டன் அதே ஆண்டில் அவரைப் புரூக்ளினுக்கு விற்றது. 1943இல் புரூக்ளின் முகாமையாளர் டுரோச்சர் அவரை விளையாட்டினின்றும் இடைநிறுத்தியபோது, தோழர் சிலர் அவர்க்காகச் சீருடை அணிய மறுக்கும் நிலை உண்டாயிற்று. சில நாட்களுள் அவர் சென் லூயிசுக்கு அனுப்பப்பட்டார், அங்கிருந்து வாஷிங்டனுக்கு, ஆண்டு முடியுமுன் பிலடெல்பியாவுக்கு. ஓராண்டிலே நான்கு கழகங்களின் உடைமையாக ஒரு மனிதர் இருந்தார்.

உடைமை என்னும் சொல்லை நான் எண்ணியே ஆள்கின்றேன். 1879 முதல் படிப்படியாக வளர்ந்த ஒரு விதியின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரனைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை கழகத்துக்கு இருந்தது. கழகம் அவனை விற்கலாம், மாற்றலாம், நீக்கலாம். அவனோ தான் விரும்பிய கழகத்தை நாடிச் செல்ல இயலாது. ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்போலுக்குப் பொருந்தாது என்று 1922இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமையால் அவ்விதி மேலும் வலுப்பெற்றது. கேர்ட் ஃபிளட் என்பார் அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1972இல் தோல்வியுற்றது. 1975ஆம் ஆண்டு திசம்பரில், மெசர்ஸ்மித், மக்நலி என்னும் இரு பந்தெறிவாளரின் முறையீட்டில் நடுவர் பீற்றர் சைற்ஸ் அளித்த தீர்ப்பே அக்கட்டை அறுத்தது. பிற்காலத்திலும் பலர் கழகம் மாறினர். 2019இல் எட்வின் ஜாக்சன் தமது பதினான்காவது கழகத்துக்கு ஆடினார். ஆயின் ஒப்பந்தம் முடிந்தபின் தம் விருப்பப்படி பேரம்பேசும் உரிமை இக்காலத்தார்க்கு உண்டு. நியூசமுக்கு அது கிட்டவில்லை.

எனினும் அவர் மனமுடைந்தாரல்லர். 1947இல் யாங்கீஸ் அணியோடு உலகத் தொடர் வெற்றியிற் பங்குபெற்றார். 1948இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகம் அவரை நீக்கியபின், வயது நாற்பதைக் கடந்திருந்தும், கீழ்நிலைக் குழாங்களுக்கு இறங்கிச் சென்று எறிந்தார். 1952இல் வாஷிங்டன் அவரை மீண்டும் அழைத்தது. அந்நகரக் கழகத்துக்கு அது அவருடைய ஐந்தாம் வருகை. 1953இல், பிலடெல்பியாவில், 46ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1962ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் காலமானார்.

ஒன்பது கழகங்கள், பதினேழு முறை வரவு, 600 ஆட்டங்கள், 211 வெற்றிகள், 222 தோல்விகள்: இவையே அவர் விட்டுச்சென்ற கணக்கு. இருநூறு வெற்றிகளைத் தாண்டியும் தோல்விகளே மிகுந்து நின்றவர், அவரையும் அவர்க்கு முந்திய ஜக் பவெலையும் தவிர வேறெவருமிலர். புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமில்லை.

ஆயின், நேயர்களே, ஒரு கணம் சிந்தியுங்கள். திறமையற்ற ஒருவனுக்கு 222 முறை தோற்கும் வாய்ப்பை எவர் கொடுப்பர்? ஒரு முறை தோற்றவனைப் பத்து முறை தோற்றபின்னும் நம்பிப் பந்தைக் கையிற் கொடுக்கின்றார்களென்றால், அத்தோல்விகளே அவன் தகுதிக்குச் சான்றாகின்றன. இடமாற்றக் கடிதத்தைக் கையிற் பெற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு, அறியாத ஊரின் பாடசாலைக்குச் சென்று மறுநாட் காலையிலேயே கரும்பலகை முன் நின்ற ஆசிரியர் எவர்க்கும் இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர் மாறலாம், அதிகாரி மாறலாம், கையிலுள்ள தொழில் மாறுவதில்லை.

பரிசளிப்பு விழாவிலே மேடையேறும் மாணவனை நாம் வாழ்த்துகின்றோம்; அது முறையே. அவனோடு ஆண்டு முழுவதும் போட்டியிட்டு, தோற்று, மறுநாளும் தவறாது மைதானத்துக்கு வந்த மாணவனையும் பெயர் சொல்லி அழைத்து ஒரு சொல் கூறுவோமாக. அவனும் அந்நாளின் வேலையை முடித்தவனே.