புலப்படம் பிறந்த கதை

திண்டுக்கல் அருகே எரியோடு பக்கம் பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு முற்றினால், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "சர்வேயரை வரச் சொல்லி அளந்துருவோம்." அவர் கையோடு கொண்டு வரும் தாள்தான் புலப்படம். எஃப்.எம்.பி. என்றால் இன்னும் பலருக்குப் புரியும். வயலைச் சுற்றி எல்லைக் கோடுகள், உள்ளே குறுக்காக ஓடும் ஜி லைன்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். அந்தக் குறுக்குக் கோடுகள் எதற்கு என்று கேட்பவர் குறைவு. தாளின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எதிரெதிர்ப் பக்கங்கள் சமமான ஒரு வயல். பக்கங்கள் 200 லிங்க், 150 லிங்க். லிங்க் என்பது சர்வே சங்கிலியின் ஒரு கண்ணி. மூலைகள் நேராக இருந்தால் பரப்பு 30 சென்ட். அதே நான்கு பக்கங்களை, மூலை தளர்ந்த கட்டில் சட்டம்போலச் சாய்த்து, ஒரு மூலையை 30 டிகிரி ஆக்கினால் மிஞ்சுவது 15 சென்ட்தான். பக்க அளவில் ஒரு லிங்க்கூடக் குறையவில்லை. பாதி நிலம் போய்விட்டது. மூலைக்கு மூலை 250 லிங்க் என்று ஒரு கோடு இழுத்து எழுதிவிட்டால் இந்த வேலை நடக்காது. வயல் இரண்டு முக்கோணமாகிவிடும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்துக்கு ஒரே வடிவம்தான். பள்ளியில் ப-ப-ப என்று மனப்பாடம் செய்யும் சர்வசம விதி இதுவே.

சர்வசமக் கணக்கு பழையது. கடலில் நிற்கும் கப்பலின் தூரத்தைக் கரையிலிருந்தே அறிய, இரண்டரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தேல்ஸ் சர்வசம முக்கோணத்தைப் பயன்படுத்தினார் என்று பழைய உரையாசிரியர் புரோக்ளஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் வயலுக்கு அது வந்து சேர்ந்தது வரி வழியாக. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து பாராமகால் பகுதியும் திண்டுக்கல்லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை கேட்டார்கள். ரயத்துவாரி முறை அங்கே முளைத்தது. ஆளுக்கு ஆள் தீர்வை என்றால், வயலுக்கு வயல் பரப்பு தெரிந்தாக வேண்டும்.

1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, மற்ற தூரங்களைப் பெரும்பாலும் தியோடலைட்டில் கோணம் பார்த்தே கணக்கிட்டார். அது கோ-ப-கோ: ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணமும் தெரிந்தால் முக்கோணம் ஒன்றுதான். மலைக்கு மலை தாவ அது போதும். சோளக்காட்டுக்கு அவ்வளவு பெரிய கருவி கட்டுப்படியாகாது. 1858-இல் சென்னை மாகாணத்தில் சர்வே துறை ஏற்பட்டு ஊர் ஊராக அளந்தபோது, வயலுக்குள் ஓடியது சங்கிலிதான்.

சங்கிலி, 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் வகுத்தது: 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு கண்ணிதான் ஒரு லிங்க். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட், 100 சென்ட் ஓர் ஏக்கர். எரியோட்டில் இன்றைக்கும் மனை விலை பேசுகிற சென்ட், அந்தச் சங்கிலியின் வாரிசு.

இனி, கல் காணாமல் போன கதை. ஏர் ஓட்டும்போது பெயர்ந்ததோ, யாரேனும் பெயர்த்ததோ. இருக்கிற இரண்டு கல்லிலும் ஆளுக்கொரு டேப்பைப் பிடித்து, படத்தில் உள்ள நீளத்துக்கு வளைத்துக்கொண்டு வந்தால், இரண்டும் சந்திக்கும் இடம் பழைய கல்லின் இடம். கோட்டுக்கு அந்தப் பக்கமும் அதே அளவில் ஒரு புள்ளி கிடைக்கும், அதுவும் சர்வசமம்தான். எந்தப் பக்கம் என்பதைப் படத்தின் வடிவம் சொல்லும்.

அந்த வடிவம் வடிவொப்புமையின் வேலை. 1:2000 என்று வரைந்தால் ஒவ்வொரு நீளமும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, கோணங்கள் அப்படியே. தாளில் ஒரு சதுர சென்டிமீட்டர், நிலத்தில் 400 சதுர மீட்டர், ஏறக்குறைய 10 சென்ட். பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் தடித்தால் நிலத்தில் ஒரு மீட்டர் போய்விடும். அதனால்தான் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து கல் நட முடியாது. எழுதியிருக்கும் எண்தான் ஆதாரம். சிறிதாக்கிக் காட்டுவது வடிவொப்புமை. திரும்ப நட்டுக் கொடுப்பது சர்வசமம்.

1923-இல் சர்வே, எல்லைச் சட்டம் வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன, ஏக்கர் ஹெக்டேரானது. இப்போது புலப்படத்தை இணையத்திலேயே எடுக்கலாம். கிரயம் பேசும் முன் எடுத்து, ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, மூன்று விடையையும் பாதியோடு பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். 150, 200, 250 லிங்க் என்றால் 15,000 சதுர லிங்க், அதாவது 15 சென்ட் வரும். மீட்டரில் இருந்தால் விடையை 40.47-ஆல் வகுத்தால் சென்ட். எல்லா முக்கோணமும் கூட்டி, பத்திரத்தில் உள்ள பரப்போடு ஒத்துப்போகாவிட்டால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வேயரைக் கூப்பிடுவது நல்லது.