நேர்கூற்றும் அயற்கூற்றும்

நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுகையில் 'ஐ' என்பது 'ஹீ' ஆவதும், 'வில்' என்பது 'வுட்' ஆவதும் வெறும் தேர்வுத் தொல்லை என்றே மாணவப் பருவத்தில் எண்ணியிருந்தேன். இங்கிலாந்துப் பாராளுமன்ற வரலாற்றைப் படித்த பின்னரே அதன் அருமை விளங்கிற்று.

விவாதங்களை அச்சிடலாகாது என்று காமன்ஸ் சபை 1738-இல் தீர்மானித்தது. 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' இதழோ அவற்றை லில்லிபுட் நாட்டுச் செய்தியென்று பெயரிட்டு வெளியிட்டது. 1740-களின் தொடக்கத்தில் அவற்றை எழுதிய சாமுவேல் ஜான்சன், பிறர் கொணர்ந்த குறிப்புகளைக் கொண்டு அறையிலிருந்தவாறே சொற்பொழிவுகளைப் புனைந்தார். பெரும்பாலும் நேர்கூற்று, 'நான்' என்பவர் உறுப்பினர், சொல்லோ ஜான்சனுடையது! மக்கள் அதை மெய்யென்று நம்பியதற்கு அவரே பின்னாளில் வருந்தினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹான்சார்டு தொகுப்புகளில் பல உரைகள் படர்க்கையில் சுருங்கின; சொல் எழுதியவனுடையது என்பதை அயற்கூற்று மறைக்கவில்லை. 1909-இல் சபையே எழுத்தர்களை அமர்த்தி உரைகளை முழுமையாகப் பதிவுசெய்தபோது, உறுப்பினரின் 'நான்' திரும்பி வந்தது.